ரெய்லே, டோன்சாய் ஏறப் போகிறவர்களுக்கு: போல்ட், கயிறு, உப்பு

தாய்லாந்து கிராபியில் ரெய்லே, டோன்சாய் கடற்கரைப் பாறைகளில் முதல் தடவை லீட் (கயிற்றை நீங்களே மேலே கொண்டுபோய் வழியில் மாட்டிக்கொண்டே) ஏறப் போகிறீர்களா? கிரேடு, அதாவது வழி எவ்வளவு கடினம் என்று பார்ப்பதற்கு முன்னால், கயிறு மாட்டப் பாறையில் பதித்திருக்கும் போல்ட்டைப் பாருங்கள். கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாதாரணமாகத் துருப்பிடித்துச் சாவதில்லை. உப்பிலிருந்து வரும் குளோரைடு, அந்த ஊர் வெக்கை, உலோகத்தை வளைக்கும்போது உள்ளே தங்கிவிட்ட இழுவிசை மூன்றும் சேர்ந்தால் மயிரிழை விரிசல் உள்ளே ஓடும். வெளியே ஒரு பொட்டுப் பழுப்புக் கறை தெரியலாம், தெரியாமலும் போகலாம். 304 வகை ஸ்டீல் மட்டுமல்ல, 'மரைன் கிரேடு' என்று விற்கும் 316-ம் இதில் தப்பாது. சில வருடங்களிலேயே ஆள் எடைக்கே ஒடிந்தவை உண்டு. அதனால்தான் அங்கே பசையிட்டுப் பதிக்கும் டைட்டானியத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

* * *

அடையாளம் காண்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். தகடும் அறுகோண நட்டும் இருந்தால் அது விரிந்து பிடிக்கும் பழைய வகை. டைட்டானியம் மங்கிய சாம்பல் நிறம்; நட்டே கிடையாது, தடித்த கம்பி வளையம் பசையோடு துளைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டீலிலும் பசை வகை உண்டு என்பதால் வடிவத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். காந்தம் எடுத்துப் போவது வீண், இரண்டுமே பெரும்பாலும் ஒட்டாது. ஏறுவதற்கு முன் அந்த வழியின் போல்ட்டுகளை எப்போது, எதைக் கொண்டு மாற்றினார்கள் என்று உள்ளூர் கிளைம்பிங் கடையில் கேட்டுவிடுவதே நம்பகமானது.

* * *

போல்ட்டுக்குப் பதில் பாறை ஓட்டையில் கோத்துக் கட்டிய கயிற்றுத் துண்டுகளும் இருக்கும். வெளுத்து, வளைத்தால் மொறமொறவென்றிருந்தால் நைலான் வெயிலில் செத்துவிட்டது. முன்பக்கம் நன்றாக இருந்தாலும் ஓட்டைக்குள் உரசும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள், அறுபடுவது அங்கேதான். சொந்தமாக ஒரு நீள ஸ்லிங் (தைத்த நாடா வளையம்) வைத்திருந்தால் அதே ஓட்டையில் கோத்துக்கொள்ளலாம்.

* * *

வேறு கடலோரப் பாறையில் தாங்களே போல்ட் பதிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பசை போல்ட் தோற்பதற்கு முக்கியமான காரணம் துளைக்குள் தங்கும் தூள். ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, மறுபடி பிரஷ். தூள் வருவது நிற்கும்வரை. பசைக் குப்பியின் மூக்கிலிருந்து முதலில் வரும் பசை சரியாகக் கலந்திருக்காது, நிறம் ஒரே சீராகும்வரை வெளியே தள்ளிவிடுங்கள். துளையை அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வெளியே வரவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். இறுகும் நேரம் முடியும்வரை தொடவே கூடாது.

* * *

உச்சியில், இறங்குவதற்காகக் கயிற்றை வளையத்துக்கு மாற்றுவதில்தான் பயமே. வரிசை இது: இடுப்புப் பட்டையில் உள்ள ஸ்லிங்கை ஆங்கரில் (வழி முடியும் இடத்திலுள்ள போல்ட், வளையங்கள்) மாட்டி உட்காருங்கள். கயிற்றைக் கொஞ்சம் இழுத்து, இரட்டையாக மடித்து, அந்த மடிப்பை ஆங்கர் வளையத்துக்குள் விட்டு, அதில் எட்டு வடிவ முடிச்சுப் போட்டு, பூட்டுள்ள காரபைனரால் (உலோகக் கொக்கி) பிலே லூப்பில் (இடுப்புப் பட்டையின் முன்வளையம்) மாட்டுங்கள். அதன் பிறகே பழைய முடிச்சை அவிழ்க்கலாம். கீழே கயிற்றைப் பிடித்துப் பிலே செய்பவர் கயிறு இறுக்கி, எடை முழுக்க அதில் விழுந்த பிறகே ஸ்லிங்கைக் கழற்றுங்கள். இந்த முறையில் ஒரு நொடிகூடக் கயிறு உங்களை விட்டுப் போகாது, கைதவறிக் கீழே விழவும் விழாது. குழுவாகப் பயிற்சி செய்பவர்கள் தங்கள் குயிக்டிராவிலேயே (நாடாவால் இணைத்த இரண்டு காரபைனர்) கயிற்றை ஓடவிடுங்கள். வளையத்தை ஏன் தேய்க்க வேண்டும்?

30 மீட்டரை நெருங்கும் வழியில் 60 மீட்டர் கயிறு மட்டுமட்டு. நுனி வெட்டிய பழைய கயிறென்றால் போதாமலும் போகும். பிலே செய்பவர் பக்கத்துக் கடைசி நுனியில் முடிச்சு கட்டாயம்.

* * *

மற்றவை சுருக்கமாக. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். அதற்கு வெளியே தொங்கு பாறைகளிலும் கசிவு இருக்கலாம். ரெய்லேயின் 1-2-3 சுவரில் கால்பட்டுப்பட்டுப் பிடிகள் கண்ணாடி போலிருக்கும், ஷூவின் அடியைத் துணியால் துடைத்துவிட்டுக் காலை வையுங்கள். ஓத அட்டவணையைப் பார்த்துப் போங்கள். சாப்பாட்டுப் பையை மூடி வையுங்கள், குரங்கு ஜிப்பையும் திறக்கும். கயிற்றை மணலில் போட்டால் மணல் உறைக்குள் ஏறிப் பிலே கருவியையும் அறுக்கும், விரிப்பு அவசியம்.

அலுமினியக் காரபைனரில், கேட் எனும் திறந்து மூடும் பகுதியின் ஆணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். கேட் தானாக மூடாமல் பாதியில் நிற்கும். தினமும் நல்ல தண்ணீரில் அலசி, கேட்டைப் பத்துத் தடவை திறந்து மூடி, நிழலில் உலர்த்தி, மெழுகு வகை மசகு ஒரு சொட்டு விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், மணலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.