பாதாம் வாங்க வசதியில்லை: இதய நலத்துக்கு வேர்க்கடலை அதற்கு ஈடாகுமா?

கேள்வி (வைகைக்கரை):
ஐம்பது வயதைக் கடந்த எனக்கு, அண்மைப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு சற்றுக் கூடுதலாக இருப்பது தெரிந்தது. உணவைத் திருத்திக்கொண்டு மூன்று மாதம் கழித்து வருமாறு மருத்துவர் சொல்லியிருக்கிறார். எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாகவே உள்ள பாதாமையும் வேர்க்கடலையையும் இதயத்துக்கு நல்லவை என்பது எப்படி? பாதாமின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி (பொன்னி):
ஐயா, அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு, அதாவது நெய்போல் உறையாமல் எண்ணெயாகவே இருக்கும் வகை. நெய், வனஸ்பதி போன்றவற்றின் இடத்தில் அது வரும்போது இரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறைகிறது. ஸ்பெயினில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 7,447 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், மத்தியதரைக் கடல் பகுதி உணவுடன் (ஆலிவ் எண்ணெய், காய்கறி, பழம், மீன் மிகுந்தது) நாளொன்றுக்கு 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் கலவையைப் பெற்றவர்களுக்கு, கொழுப்பைக் குறைக்க அறிவுறுத்தப்பட்டவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தன. ஒவ்வொருவரையும் குலுக்கல் முறையில் குழு பிரிக்காமல் சில இடங்களில் ஒரே வீட்டினரை ஒரே குழுவில் சேர்த்த குறை தெரியவந்ததால், 2018இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்று மறுபடி கணக்கிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை.

மறுமொழி (கரிசல்காடு):
வேர்க்கடலை தாவரவியலின்படி பயறு வகை என்றாலும், கொழுப்பின் தன்மையிலும் புரதத்திலும் பாதாமுக்கு நெருக்கமானதுதான். உங்கள் நிலையில் நான் அதையே வாங்குவேன். அவித்தோ உப்பில்லாமல் வறுத்தோ உண்ணுங்கள். கடலை மிட்டாயை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதுவானாலும் எறிந்துவிடுங்கள், ஏனெனில் ஈரத்தில் பூசணம் பிடித்த கடலையில் உருவாகும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது, வறுத்தாலும் அது முழுமையாக அழிவதில்லை.

வைகைக்கரை:
நன்றி. உடல் எடை கூடிவிடாதா?

மறுமொழி (பொன்னி):
மாலை நேர மிக்சர், முறுக்குக்குப் பதிலாக ஒரு கைப்பிடி என்றால் பெரும்பாலும் கூடாது. அவற்றுக்கு மேலாகத் தின்றால் கூடத்தான் செய்யும். முழுப் பாதாமை மென்றாலும் அதன் செல் சுவர்கள் பல உடையாமலே வெளியேறுவதால், 28 கிராமில் கணக்குப்படி 170 கலோரி இருந்தாலும் உடலுக்குச் சேர்வது 129 கலோரிதான் என்று அமெரிக்க வேளாண்மைத் துறையினர் 2012இல் அளந்து காட்டினர். சிறுநீரகக் கல் வந்தவராயிருந்தால் மட்டும், கல் உருவாக உதவும் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுந்த பாதாம், முந்திரியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.