உந்துதல் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

முதிரைநிழல் (ஒட்டுசுட்டான்):
வணக்கம். பெரும்போக வயலில் யானைக் காவலுக்காகக் கொட்டிலில் இரவு விழித்திருக்கும்போது, ஒரு கதையின் தொடக்கமும் சில வேளைகளில் முழு உரையாடலுமே யாரோ சொல்லித் தருவதுபோல மனத்தில் ஓடுகின்றன. விடிந்து, வீடு வந்து, கொப்பியை விரித்தால் ஒரு வரிகூட நகர்வதில்லை. உந்துதல் வரும்போது மட்டும் எழுதினால் போதுமா, வராத நாளிலும் உட்கார வேண்டுமா?

குளக்கட்டு (கிளிநொச்சி):
உட்காரத்தான் வேண்டும். ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலொப் அஞ்சல் துறையில் வேலை பார்த்த காலத்திலேயே, காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதியவர். அவர் எழுதிய நாவல்கள் 47.

பாலைப்பழம் (மாங்குளம்):
கடிகாரம் வைத்து எழுதினால் நெல்லோடு பதரும் சேர்ந்தே குவியும். தானாக வருவதில் உள்ள உயிர் அதில் இராது.

அருவிவெட்டு (நெடுங்கேணி):
பாலைப்பழம் அவர்களே, தானாக வந்ததென்று உலகமே நம்பும் கவிதை ஒன்றைப் பாருங்கள். ‘குப்ளா கான்’ கவிதையை ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1816 இல் வெளியிட்டபோது, 1797 இல் அது உறக்கத்தில் தமக்குக் கிடைத்ததென்றும், விழித்து எழுதிக்கொண்டிருக்கையில் போர்லொக் என்ற ஊரிலிருந்து ஒருவர் அலுவலாக வந்து குறுக்கிட்டதால் மீதி மறந்துபோனதென்றும் முன்னுரையில் சொன்னார். எஞ்சியவை 54 வரிகள். வந்தவரைத் திட்டாத வாசகர் குறைவு. ஆனால் கவிஞரின் கையெழுத்துப் படி ஒன்றும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் ‘இருமுறை ஆறு மைல்’ என்றிருக்கும் நிலப்பரப்பு அச்சில் ‘இருமுறை ஐந்து மைல்’ ஆகிவிட்டது. ஒரு மலையின் பெயரும் மாறிவிட்டது. கனவில் கிடைத்ததாகச் சொன்னவரும் பகலில் உட்கார்ந்து திருத்தத்தான் செய்திருக்கிறார்.

முதிரைநிழலுக்கு ஒரு யோசனை: கொட்டிலில் வந்த வசனத்தின் அழகைக் காப்பாற்ற முயலாதீர்கள், அது விடியும்வரை நிற்காது. யார், யாரிடம், எதைக் கேட்டார் என்பதை மட்டும் கைபேசியில் மெல்லச் சொல்லிப் பதிந்து வையுங்கள். யானை வெடி கொளுத்தும் அவசரத்திலும் அவ்வளவு முடியும்.

முதிரைநிழல்:
நன்றி ஐயா. தம்பி ஒருவன் வயலை விற்கும்படி தமையனிடம் கேட்கிறான் என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. தமையனின் மறுமொழியை இன்று பகலிலேயே எழுதிப் பார்க்கிறேன்.