ஓடைக்கரையில் கொட்டிய கல் நிற்கவில்லை, என்ன தவறு?

கேள்வி
ஓடை வளையும் இடத்தில் வெளிக்கரை 20 மீட்டர் நீளத்துக்கு அரிபடுகிறது. உயரம் 2 மீட்டர், வண்டல் கலந்த மணல், கிட்டத்தட்ட செங்குத்து. ஒரு சாண் அளவுக் கூழாங்கல் கொட்டியதில் பாதி ஓடைக்குள் உருண்டது, மீதி மண்ணுக்குள் அமிழ்ந்தது. இன்னும் பெரிய கல் போட்டால் நிற்குமா?

பதில் 1
அளவு அப்புறம். உருண்டதற்கும் அமிழ்ந்ததற்கும் காரணம் வேறு வேறு.

கூழாங்கல் ஒன்றையொன்று பிடிக்காது. குவாரியில் உடைத்த, முனையுள்ள கருங்கல்தான் வேண்டும். செங்குத்துக் கரையில் அதுவும் நிற்காது. முதலில் 1 மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் கிடையாக வரும்படி கரையைச் சரித்து வெட்டுங்கள்.

அமிழ்ந்தது வடிகட்டி இல்லாததால். வெள்ளம் வடியும்போது கரையில் ஊறிய நீர் கல் இடுக்கு வழியே மணலையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். அடியில் மண் போனால் கல் இறங்கத்தானே செய்யும்? நீரை விட்டு மண்ணைப் பிடித்துவைக்கும் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணியைக் கல்லுக்கு அடியில் விரியுங்கள். மேல்நீர்ப் பக்கத்துத் துண்டு கீழ்நீர்த் துண்டின் மேல் அரை மீட்டராவது ஏறட்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் கூடவே கூடாது, நீர் அடைபட்டுக் கரையே பிதுங்கும். துணிமேல் 10 செ.மீ. ஜல்லி பரப்பினால் கல் குத்திக் கிழிக்காது.

அளவு வெள்ள வேகத்தைப் பொறுத்தது. கொந்தளிப்பான நீர் வினாடிக்கு 2 மீட்டர் ஓடினால் சுமார் 17 செ.மீ. கல், 3 மீட்டருக்கு 38 செ.மீ. வேகம் ஒன்றரை மடங்கானால் கல்லின் எடை 11 மடங்காக வேண்டியிருக்கிறது!

பதில் 2
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் அடிக்கால் (கரையடியில் புதைக்கும் கல் வரிசை) இல்லாவிட்டால் அத்தனையும் வீண். வளைவில் நீர் முதலில் தோண்டுவது கரையை அல்ல, கரையடிப் படுகையை. அடிக்கல் நழுவினால் மேலே உள்ள மொத்தமும் பின்னாலேயே வரும். வெள்ளத்தில் படுகை எவ்வளவு பறியுமோ அதற்குக் கீழே வரை பள்ளம் வெட்டி, இருப்பதில் பெரிய கற்களை அங்கே இறக்குங்கள். அவ்வளவு ஆழம் தோண்ட முடியாதா? அடியில் கூடுதல் கல்லைக் குவித்து வையுங்கள். பறியப் பறிய அது தானே சரிந்து பள்ளத்தை மூடும்.

இரண்டு முனைகளையும் கரைக்குள் வளைத்துப் புதைக்க மறக்காதீர்கள். அங்கேதான் நீர் பின்பக்கமாகப் புகும்.

கேட்டவர்
நன்றி. வேகம் 2.5 மீட்டருக்குள்தான். எவ்வளவு கல் வாங்கலாம்?

பதில் 1
சராசரி 30 செ.மீ., பெரியது 45. சிறியதும் கலந்திருக்கட்டும், இடுக்கை அடைக்கும். கல் அடுக்கின் கனம் 50 செ.மீ. சரிவின் நீளம் 4.5 மீட்டர் வருவதால் 45 கன மீட்டர். 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழ அடிக்காலுக்கு இன்னொரு 20. இடைவெளியோடு சேர்த்துக் கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் 104 டன். முனைகளுக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். லாரியிலிருந்து சரிவில் கவிழ்க்காதீர்கள், பெரிய கல் கீழேயும் பொடி மேலேயும் பிரிந்துவிடும். பொக்லைனால் அடியிலிருந்து மேலாக அடுக்குங்கள்.

பதில் 3
கல் வாங்குமுன் ஒன்று பாருங்கள்: எதிர்க்கரையும் சேர்ந்து இடிகிறதா? அப்படியானால் படுகையே தாழ்ந்துகொண்டிருக்கலாம். அதற்குக் கரைக்கல் மருந்தல்ல, படுகையைத் தாங்கும் தடுப்பு வேண்டும்.