விடுதலைக்கு எதிரா அரசு அப்பீல்: அலைஞ்சவங்க சொல்லுங்க

கரிசல்மண்:

சித்தப்பா கொலை வழக்குல போன மாசம் தீர்ப்பு வந்துச்சு. நாலு பேருக்கும் விடுதலை. அரசு வக்கீல் வராண்டாவுல வச்சு, "கவர்ன்மெண்ட் அப்பீல் போகும், ஊருக்குப் போங்க"ன்னு சொன்னார். யார் போவா, எப்போ போவா, நாங்க என்ன செய்யணும், ஒண்ணும் புரியல. சித்தி தினமும் கேக்குறாங்க. இதுல அலைஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. சட்டப் புத்தகத்துல உள்ளது வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்க.

வைப்பாற்றங்கரை:

தம்பி, எங்க அப்பா வழக்கு. கொலை நடந்தது 2010, விடுதலை 2013, அப்பீல் தீர்ப்பு 2019. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோ.

எங்க கிணறு பங்குக் கிணறு. வாரத்துல ரெண்டு நாள் எங்க முறை, மீதி பங்காளிகளுக்கு. அந்த வருஷமெல்லாம் மும்முனை கரண்ட் எப்ப வரும், எப்ப போகும்னு தெரியாது. ராத்திரி வந்தா ராத்திரியே போய் மோட்டார் போடணும். "உன் முறை நேத்தோட முடிஞ்சுது", "கரண்ட் இல்லாத நாளை எப்படி முறையில சேப்ப"ன்னு ஒரு மாசமா வாய்ச்சண்டை. ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அது அருவாள்ல முடிஞ்சுது. மூணு பேர். சித்தப்பா மடை திருப்பிவிட்டுட்டு வரும்போது கண்ணால பார்த்தார்.

கோர்ட்ல என்ன ஆச்சுன்னா, சித்தப்பா "மோட்டார் ரூம் பல்ப் வெளிச்சத்துல பார்த்தேன்"னு சொன்னார். கரண்ட் இருந்துச்சுன்னு காட்ட போலீஸ் தரப்பே ஈபி ஆளைச் சாட்சியாக் கூட்டிட்டு வந்துச்சு. அவர் ரிஜிஸ்டரைப் பார்த்து, மும்முனை சப்ளை பத்து மணிக்கு நின்னுடுச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டார். கரண்டே இல்லை, பல்ப் எப்படி எரியும்? சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுற பார்வை மகஜர்லயும், அந்த இடத்தைப் படமாப் போடுற மாதிரி வரைபடத்துலயும் பல்ப் குறிக்கவே இல்லை. பக்கத்துத் தோட்டக்காரங்க ரெண்டு பேர் முன்னாடி சொன்னதைக் கோர்ட்ல மாத்திச் சொல்லி, பிறழ் சாட்சி ஆயிட்டாங்க. எஃப்.ஐ.ஆர் மாஜிஸ்திரேட் கைக்குப் போனது மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நடுவுல யோசிச்சு மாத்தி எழுதினதோன்னு சந்தேகம் வருமே. சந்தேகத்தின் பலன், விடுதலை.

இப்போ ஒரு விவசாயியைக் கேளு. மும்முனை நின்னா மோட்டார்தான் நிக்கும். ஒரு முனையில சப்ளை இருந்தா பல்ப் எரியும். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. ஆனா அந்த ஈபி ஆளை அரசு வக்கீல் கூண்டுல வச்சே மறுபடி விசாரிச்சு, "மும்முனை நின்ன பிறகு லைட் எரியுமா?"ன்னு கேக்கல. ஒரே ஒரு கேள்வி.

அரசு அப்பீல் போச்சு. நாங்க சந்தோஷப்பட்டோம். மாட்டுத்தாவணியில இறங்கி, ஒத்தக்கடைக்கு வேற பஸ் பிடிச்சு, யானைமலையைப் பார்த்துக்கிட்டே ஹைகோர்ட் கிளைக்குள்ள போவோம். லிஸ்ட்ல வரும், எடுக்க மாட்டாங்க. வாய்தா. நடுவுல ஏ-2, அதாவது ரெண்டாவது குற்றவாளியாச் சேர்த்த ஆளு, செத்துட்டார், அவர் மட்டும் வழக்குல இருந்து போயிட்டார். கடைசியா எடுத்த அன்னைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகல. அரசு வக்கீல் பல்ப் விஷயத்தை நல்லாவே சொன்னார், பொய் சொல்லக் கூடாது. ஒரு நீதிபதி கேட்டார்: "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். அது சாட்சியத்துல எந்தப் பக்கத்துல இருக்கு?" அவர் பக்கத்தைப் புரட்டினார். எந்தப் பக்கத்துலயும் இல்லை. பின்வரிசையில நான் உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியும், ஆனா நான் எந்திரிச்சுச் சொல்ல முடியாது.

அப்பீல் தள்ளுபடி. கிணறு இன்னும் பங்குலதான் இருக்கு. செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு.

ஓய்வு ஏட்டு:

எட்டு வருஷம் கோர்ட் டூட்டி பார்த்தவன். மேலே தம்பி சொன்னதுக்கு நான் வாதாட வரல, அந்தத் தப்பு எங்க பக்கத்துலதான் ஆரம்பிக்குது. வரைபடம் போடும்போது எங்க ஆளு பொணத்தைப் பார்ப்பான், ரத்தத்தைப் பார்ப்பான், மேலே தொங்குற பல்பைப் பார்க்க மாட்டான்.

நடைமுறை இதுதான். விடுதலை ஆனதும் தீர்ப்பு நகலுக்கு மனு போடுவோம். அரசு வக்கீல் "அப்பீலுக்குத் தகுதி இருக்கு" இல்லைன்னா "தகுதி இல்லை"ன்னு கருத்து எழுதுவார். அது மேலதிகாரிகள் வழியா உள்துறை வரைக்கும் போகும். செஷன்ஸ் கோர்ட் விடுதலைக்கு அப்பீல் போடலாம்னு சொல்ல வேண்டியது மாநில அரசு. கெடு 90 நாள். அதுக்குள்ள ஃபைல் எத்தனை மேஜையில தூங்கும்னு என்னைக் கேக்காதீங்க. பெரும்பாலும் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனுவும் சேர்ந்தே போகும்.

இன்னொண்ணு. 2014 ஜனவரியில, குஜராத்துல இருந்து போன ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரவு போட்டுச்சு. விடுதலை ஆகுற ஒவ்வொரு வழக்கையும் அரசு ஆராய்ஞ்சு பார்க்கணும், தப்பு செஞ்ச புலன்விசாரணை அதிகாரி மேல நடவடிக்கை எடுக்கணும்னு. நான் ஸ்டேஷன்ல இருந்த வரைக்கும் அதுக்காக நோட்டீஸ் வாங்கின ஒருத்தரை நான் பார்க்கல. என் கண்ணுல படலைன்னு வச்சுக்கோங்க.

பாளை பஸ்:

இதைப் படிக்கும்போது கை நடுங்குது. என் வீட்டுக்காரர் வேற ஒரு வழக்குல ஏ-3. நான் அந்தப் பக்கத்து ஆளு.

2012-ல விடுதலை. ஆறு மாசத்துக்கு ஜாமீன்தாரரோட பத்திரம் எழுதிக் கொடுத்தோம், அது முடிஞ்சதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சோம். ஊர்ல இருக்க முடியல. திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில சேர்ந்தார், நான் செக்கிங். ஹைகோர்ட் நோட்டீஸ் ஊர்ல பூட்டுன வீட்டுக் கதவுல ஒட்டியிருக்கு, எங்களுக்கு யாரும் சொல்லல. 2018-ல ராத்திரி ரெண்டு மணிக்கு வாரண்ட்டோட வந்து கதவைத் தட்டுனாங்க. விடுதலை ஆன ஆளை எப்படிப் பிடிப்பீங்கன்னு கத்துனேன். பிடிக்கலாமாம், அப்பீல்ல ஹைகோர்ட் வாரண்ட் போடலாமாம்.

அடுத்த வருஷம் தீர்ப்பு. வெட்டுக்காயம் பட்ட சாட்சி ஒருத்தர் இருந்தார். காயம்பட்டவர் சம்பவ இடத்துல இருந்தார்ங்கிறதுக்கு வேற சாட்சி எதுக்கு, அவரை நம்பாம விட்டது தப்புன்னு சொல்லி விடுதலையை ரத்து பண்ணிட்டாங்க. ஆயுள். பாளையங்கோட்டை ஜெயில். அவர் செஞ்சாரா இல்லையான்னு இங்க யாரும் என்னைக் கேக்க வேண்டாம். விடுதலை ஆனப்போ மக ரெண்டாங்கிளாஸ். அப்பா என்ன வேலை பார்க்குறார்னு ஸ்கூல் ஃபாரத்துல ஏழு வருஷம் "பனியன் கம்பெனி"ன்னு எழுதினா. அப்புறம் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டா.

வைப்பாற்றங்கரை:

அக்கா, நான் கேக்கல. எங்க ஏ-1 பொண்டாட்டியும் இப்படித்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவாங்க. ஆறு வருஷமா ஒரே பஸ்ஸுல போயிருக்கோம், ஒரு வார்த்தை பேசினதில்ல. ஒருதடவை எங்க அம்மாவுக்கு மயக்கம் வந்தப்போ அந்தம்மாதான் தண்ணி பாட்டிலை நீட்டினாங்க. அம்மா வாங்கிக் குடிச்சுட்டு மூடியைத் திருப்பிக் கொடுக்கல, ஊர் வரைக்கும் கையில வச்சிருந்தாங்க.

கறுப்புக் கோட்டு:

பாளை பஸ் அவர்களுக்கு முதலில். உயர் நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து ஆயுள் கொடுத்தால், உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வது உங்கள் உரிமை. தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. பணம் இல்லையென்றால் சிறை வழியாகவே உச்ச நீதிமன்றச் சட்டப்பணிக் குழுவுக்கு மனு அனுப்பலாம். ஏற்கெனவே செய்திருந்தால் நல்லது.

கரிசல்மண், அரசை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். 2009 கடைசி நாளிலிருந்து, பாதிக்கப்பட்டவருக்கே மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது. கொலையானவரின் வாரிசும் அதில் அடக்கம், ஆகவே உங்கள் சித்தி போடலாம். அரசு போட்டால் முதலில் உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அரசுக்கு 378, பாதிக்கப்பட்டவருக்கு 372 என்று இருந்த பிரிவுகள் புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்) 419, 413 என்று மாறியிருக்கின்றன, விஷயம் ஒன்றுதான்.

ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். சாட்சியம் முழுவதையும் உயர் நீதிமன்றம் மறுபடி அலசலாம். ஆனால் ஒரே சாட்சியத்திலிருந்து இரண்டு முடிவு வர முடியுமென்றால் விடுதலையில் கை வைக்க மாட்டார்கள். 2007-ல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. சாதி மாறித் திருமணம் செய்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்ட உடுமலைப்பேட்டை சங்கர் வழக்கைப் பாருங்கள். நாடே பார்த்த கொலை. விசாரணை நீதிமன்றம் விடுவித்த மூவருக்கு எதிராக அரசு போட்ட மேல்முறையீட்டை 2020-ல் உயர் நீதிமன்றம் தள்ளியது, தூக்குத் தண்டனை பெற்றிருந்த சங்கரின் மாமனாரையும் விடுவித்தது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

கூடுதல் சாட்சியம் எடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. விட்ட ஓட்டையை அடைக்க அதைச் சுலபத்தில் தர மாட்டார்கள். வைப்பாற்றங்கரை சொன்ன பல்ப் கேள்வி அந்த வகை.

கரிசல்மண்:

எல்லாருக்கும் நன்றி. நகல் கைக்கு வந்துடுச்சு, 84 பக்கம். நாள் கணக்குப் பார்த்தேன், 38 நாள் போயிருக்கு. வைப்பாற்றங்கரை அண்ணன் எழுதினதைப் படிச்சுட்டு முதல்ல எஃப்.ஐ.ஆர்ல மாஜிஸ்திரேட் கையெழுத்துக்குக் கீழ நேரத்தைத் தேடினேன். புகார் கொடுத்த அதே ராத்திரி 2.40-னு போட்டிருக்கு. அது நல்லதுதானே ஏட்டு சார்?

ஓய்வு ஏட்டு:

ரொம்ப நல்லது தம்பி. இப்போ வரைபடத்தை எடுத்துப் பாருங்க. வெளிச்சம் எங்கேன்னு குறிச்சிருக்கா?