புதுப்பிப்பு: வோர்ட் கொதிக்கும்போது நுரையை அள்ளணுமா?

வீட்டில் பீர் காய்ச்சும்போது, வோர்ட்டின் (மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தை, வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு) முதல் கொதியில் எழும் பழுப்பு நுரையை அள்ளியே ஆகணும் என்று இந்த இழையின் முதல் பதிவில் எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன்: கட்டாயமில்லை.

அந்த நுரை பெரும்பாலும் மால்ட்டின் புரதம், கூடவே கொஞ்சம் உமித்தூள். அள்ளாமல் விட்டாலும் சில நிமிடக் கொதியில் தானே அடங்கி, பால் திரிந்தது போலத் திப்பித் திப்பியாக வோர்ட்டில் மிதக்கும். பிறகு அடியில் படியும். பீரின் சுவைக்கு இதனால் கேடில்லை.

அள்ளுவதில் உள்ள ஒரே நிஜ லாபம், பொங்கி வழியாமல் இருப்பது. 20 லிட்டர் வோர்ட்டுக்கு 30 லிட்டர் பாத்திரம் இருந்தால் அதுவும் தேவைப்படாது. கொதி வரும் நேரத்தில் தீயைக் குறைத்து, கிண்டிக்கொண்டே இருங்கள். ஏறினால் குளிர்ந்த நீரைத் தெளியுங்கள். மூடி மட்டும் வேண்டாம். பாத்திரம் சிறிதென்றால் ஜல்லிக்கரண்டியால் தாராளமாக அள்ளலாம், ஆனால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) போடும் முன்பு மட்டும். கசப்புப் பொருள்கள் நுரையில் ஒட்டும். போட்ட பிறகு அள்ளினால் கசப்பையும் சேர்த்துத்தான் கொட்டுகிறீர்கள். ஹாப்ஸ் விழுந்ததும் நுரை மறுபடி சீறும் என்பதால், முதல் நுரை அடங்கிய பிறகே, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

பீர் தெளிவாக வரணுமா? அது கரண்டியால் ஆகிற காரியமில்லை. கடைசி 15 நிமிடத்தில் ஒரு டீஸ்பூன் ஐரிஷ் மாஸ் (புரதத்தைத் திரட்டிப் படியவைக்கும் காய்ந்த கடற்பாசி) போடுங்கள். அடுப்பை அணைத்ததும் ஒரே திசையில் வேகமாகச் சுழற்றிவிட்டு 15 நிமிடம் தொடாதீர்கள். கசடு நடுவில் குவியும், ஓரத்திலிருந்து வடியுங்கள்.