கண்டிஷனிங்குக்கு தமிழ்ல என்ன போடலாம்? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

காட்பாடி:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருக்கேன். அத்லெடிக்ஸ் பசங்களுக்கு கோடை கேம்ப், பெத்தவங்களுக்கு நோட்டீஸ் அடிக்கணும், வெள்ளிக்கிழமை பிரஸ்ல குடுக்கணும். ஸ்ட்ரெங்த், ஸ்பீடு, கண்டிஷனிங் மூணுக்கும் தமிழ்ச்சொல் குடுங்க. 'உடற்பயிற்சி'ன்னு மொத்தமா போடச் சொல்லாதீங்க. 30 மீட்டர் முழு வேகத்துல ஓடவிட்டு 2, 3 நிமிஷம் நல்லா ஆற வச்சி மறுபடி ஓடவிட்டா ஸ்பீடு, அதே 30 மீட்டரை நடுவுல நல்லா ஆற விடாம திருப்பித் திருப்பி ஓடவிட்டா கண்டிஷனிங். பேரு ஒண்ணா இருந்தா, ஆறினு உக்காந்திருக்கிற பையனப் பாத்துட்டு 'ஃபீஸ் வாங்கினு சும்மா உக்கார வச்சிகீறீங்களே'ன்னு அப்பாங்க சண்டைக்கு வர்றாங்க.

குடியாத்தம்:
தம்பி, ஸ்ட்ரெங்த்துக்கு வலிப்பயிற்சி. வள்ளுவர் வலியறிதல்னு தனி அதிகாரமே வச்சிருக்காரு, 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்'. வல் தான் வேர், வல்லமை, வல்லவன், வன்மை, வல்லினம் எல்லாம் அதுலருந்து வந்ததுதான், க ச ட த ப ற சொல்லிப் பாருங்க, வாயே பயிற்சி பண்ணும். வேகம் வடசொல், வேணாம். 'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள', தொல்காப்பியம் உரியியல். கதழ்வுப் பயிற்சின்னு போடுங்க.

ஆம்பூர்:
ஐயா கோச்சிக்காதீங்க, வலிப்பயிற்சின்னு நோட்டீஸ் வந்தா எந்தத் தாய் புள்ளைய அனுப்புவா? ஏற்கெனவே வெயிட் தூக்கினா வளத்தி நின்னுடும்னு பயந்துனு கீறாங்க. அது நெசமில்ல, மொதல்ல வெறுங்கம்பில முறைய கத்துக்குடுத்து கூட ஒரு ஆள் நின்னு பாத்துகினா சின்னப் பசங்களும் செய்யலாம், அவங்களுக்கு சதை ஏர்றதவிட நரம்பும் சதையும் சேந்து வேலை செய்யப் பழகறதாலதான் பலம் கூடுது, இத சொல்லிப் புரிய வைக்கறதுக்கே தாவு தீந்துடுது. நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோலயும் 2018 கோல்டு கோஸ்ட்லயும் வெயிட் லிஃப்டிங்ல காமன்வெல்த் தங்கம் தூக்கினவரு, அதுக்கப்புறமும் இப்படி. வலுப்பயிற்சின்னு போடுங்க, அதே வேர்தானே. கதழ்வுன்னு எழுதிக் குடுத்தா பிரஸ்காரரு கதவுன்னு அடிச்சிடுவாரு.

குடியாத்தம்:
சரி, வலு ஆகட்டும். கதழ்வு வேணாம்னா விரைவுன்னாவது போடுங்க. பஸ்லயே எழுதி இருக்கே.

காட்பாடி:
விரைவுப் பயிற்சின்னா பத்து நாள்ல முடியற க்ராஷ் கோர்ஸ்னு நெனப்பாங்க ஐயா. வேகப் பயிற்சியே இருக்கட்டும். கண்டிஷனிங் இன்னும் நிக்குது.

ஆரணி:
பதனிடல்? ஏசிக்கு காற்றுப் பதனின்னு சொல்றாங்களே, அதே கணக்கு.

ஆம்பூர்:
எங்க ஊர்ல இருந்துனு இத எப்படிங்க ஒத்துக்கறது? பதனிடறதுன்னா இங்க தோல்ஷாப்தான், புள்ளைய ஊறப் போட்டு உரிக்கப் போறீங்களான்னு கேப்பாங்க. ராணிப்பேட்டை, வாணியம்பாடி எங்க கேட்டாலும் இதே கதிதான்.

ஆரணி:
அப்ப தம் பயிற்சி. தம் கட்டி ஓடறதுதானே விஷயம்.

காட்பாடி:
ஸ்கூல் நோட்டீஸ்ல 'தம்'மா? என் வேலை போயிடும் சார்.

ஆம்பூர்:
தாங்குதிறன்?

காட்பாடி:
அது எண்டூரன்ஸ், தனி. கண்டிஷனிங்னா மொத்தமா உடம்ப ஆட்டத்துக்குத் தயார் பண்றது, அதுல தாங்குதிறனும் ஒண்ணு.

குடியாத்தம்:
உடற்பதம். நெல்லுக்குப் பதம், பாகுக்குப் பதம், மண்ணுக்குப் பதம், உடம்புக்கு மட்டும் இருக்கக் கூடாதா?

ஆரணி:
'பதம் பாத்துடுவேன்'னு சொல்ற ஊருங்க இது.

ஆம்பூர்:
பரவால்ல, பதனிடலுக்கு இது மேல்.

காட்பாடி:
நோட்டீஸ் பிரஸ்ஸுக்குப் போயிடுச்சு. வலு, வேகம், உடற்பதம், கீழ சின்ன எழுத்துல கண்டிஷனிங். எல்லாருக்கும் நன்றி.

குடியாத்தம்:
கண்டிஷனிங்க கீழயும் போட்டிருக்கக் கூடாது. வேகத்துக்கும் நான் சம்மதிக்கல, அத மட்டும் குறிச்சி வச்சிக்கோங்க.