செயற்கைக் கால் மாட்டினாலே சுளீர் வலி: டிஎம்ஆர் நரம்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

ராணுவப் பணியில் கண்ணிவெடி வெடித்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இரண்டு வருடமாகச் செயற்கைக் கால். பின்-லாக் சிலிகான் லைனர், அதாவது மிஞ்சிய காலில் போடும் உறை, அதன் அடியில் உள்ள பின் செயற்கைக் காலில் பூட்டிக்கொள்ளும். சில மாதங்களாக மாட்டி நடந்தாலே, மிஞ்சிய காலின் வெளிப்பக்கம் ஒரே இடத்தில் ஷாக் அடித்த மாதிரி சுளீர் என்கிறது. விரலால் தட்டினாலும் அப்படியே. இல்லாத பாதத்தில் ராத்திரி எரிச்சல் வேறு. அந்த எரிச்சலுக்கு, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி செய்யும் கண்ணாடிப் பயிற்சி ஓரளவு கேட்கிறது, இந்தச் சுளீர் வலிக்கு எதுவும் கேட்கவில்லை.

மிஞ்சிய கால் உள்ளே நுழையும் சாக்கெட்டைப் புதிதாக அளவெடுத்துச் செய்தாயிற்று. சாக்ஸ் கூட்டிக் குறைத்தும் பார்த்தேன். நரம்பு வலிக்கான காபாபென்டின் மாத்திரை தூக்கத்தை மட்டும்தான் தருகிறது. புண், வீக்கம் இல்லை. வெடிகாயத்தில் எலும்பு தாறுமாறாக வளர்வது சகஜம் என்று எக்ஸ்ரே எடுத்தார்கள், அதுவும் இல்லை. நியூரோமா, அதாவது வெட்டுப்பட்ட நரம்பின் நுனியில் வளர்ந்த முடிச்சு என்கிறார் மருத்துவர். வெட்டுப்பட்ட நரம்பைப் பக்கத்துத் தசையின் நரம்போடு இணைக்கும் டிஎம்ஆர் அறுவை சிகிச்சைக்குச் சொல்கிறார்.

அதைச் செய்துகொண்டவர்களே, மறுபடி காலை மாட்டி நடந்தபோது இந்தச் சுளீர் வலி நின்றதா?